தலைகீழாகப் படித்தவள்

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. ரஞ்சனி விஷயத்தில் நடந்ததைச் சொல்வதென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எம்.டி. முடித்ததும் என்னோடு படித்தவர்கள் இதயம், நரம்பு, சிறுநீரகம் என்று ஆளுக்கொரு உறுப்பைப் பங்குபோட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நான் திருச்சிக்கு வந்து எச்.ஐ.வி. மருத்துவத்தில் ஒரு வருட ஃபெலோஷிப்பில் சேர்ந்தேன். "டாக்டருக்குப் படிச்சே, அப்புறம் பெரிய டாக்டருக்குப் படிச்சே, இப்ப என்னடி புதுசா?" என்று அம்மா வாரம் தவறாமல் போனில் கேட்பாள். கே.கே. நகரில் ஒரு மாடி அறை, காலையில் டவுன் பஸ், எட்டரை மணிக்கு ஓ.பி. எங்கள் தலைமை டாக்டர் கமர் ஜஹான் ஒரு நாளைக்கு நூற்றிருபது பேரைப் பார்க்கிற பெண்மணி. உட்கார வைத்துப் பாடம் நடத்த அவருக்கு நேரமில்லை. "நீயும் எம்.டி.தானே இளவேனில்? முடிவு எடு, காரணத்தை ஃபைல்ல எழுது" என்பதோடு சரி.

அப்படி நான் எழுதிய ஒரு வரிதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ரஞ்சனிக்கு இருபத்து நாலு வயது, எட்டாம் மாதம். பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து எச்.ஐ.வி.யை வாங்கிக்கொண்டு வந்தவள். நினைவு தெரிவதற்குள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். வளர்ந்தது ஒரு குழந்தைகள் இல்லத்தில். ஆறு வயதிலிருந்து தினமும் மாத்திரை. பி.காம். முடித்து, மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். அங்கே சேலைப் பிரிவில் இருந்த சித்தார்த்திடம் எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் காதலித்தாள், கட்டிக்கொண்டாள். அவனுக்கு நோய் இல்லை. ஸ்ரீரங்கத்தில் பூ வியாபாரம் செய்யும் மாமியாருக்கு மட்டும் விஷயம் தெரியாது.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டால், வைரஸ் ரத்தத்தில் தேடினாலும் கிடைக்காத அளவுக்கு அடங்கிவிடும். வயிற்றுப் பிள்ளைக்கும் பெரும்பாலும் போகாது. ரஞ்சனிக்குப் போன வருடம் வரை அப்படித்தான் அடங்கியிருந்தது. அன்றைக்கு வந்த ரிசல்ட்டில் ஒரு மில்லி ரத்தத்துக்கு ஆறாயிரத்து நானூறு வைரஸ். பிரசவத்துக்கு எட்டு வாரம் இருந்தது. அதற்குள் இது ஆயிரத்துக்குக் கீழே இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால், இவள் எதோடு பிறந்தாளோ அதோடேயே இவள் குழந்தையும் பிறக்கலாம்.

"எத்தனை நாள் விட்டீங்க?" என்றேன். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

"ஒரு நாள்கூட விடலை டாக்டர்."

"அப்ப இது எப்படி ஏறும்?"

"தெரியல டாக்டர். நான் தினமும் போடுறேன்."

மீதி மாத்திரையைக் கேட்டேன். கைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். எங்களிடம் வருகிறவர்களில் லேபிள் ஒட்டிய டப்பாவை அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் குறைவு. பஸ் ஏறுவதற்கு முன்பே கிழித்துப் போட்டுவிட்டு வேறு எதிலாவது மாற்றிக்கொள்வார்கள். எண்ணினேன். பன்னிரண்டு இருக்க வேண்டும், பன்னிரண்டு இருந்தது. வேறு யாராவது டாக்டராக இருந்தால் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பார். எனக்கு பீமராவ்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

பீமராவ் பாலக்கரைக்காரர். நான் சேர்ந்த புதிதில் என் பொறுப்பில் இருந்தவர். மாதாமாதம் அவரும் கணக்குப் பிசகாமல் மாத்திரையைக் காட்டுவார். நானும் பாராட்டி அனுப்புவேன். அத்தனையையும் உய்யக்கொண்டான் வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்திருக்கிறார் என்பது அவர் செத்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இனி எவரிடமும் ஏமாறுவதில்லை என்று முடிவு செய்தேன்.

"பொய் சொல்லாதீங்க ரஞ்சனி. உங்களுக்காக இல்லேன்னாலும் அந்தக் குழந்தைக்காக."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நான் ஆறு வயசுலேருந்து போடுறேன் டாக்டர். நீங்க அப்ப ஏழாவதோ எட்டாவதோ படிச்சிருப்பீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஃபைலை இழுத்து எழுதினேன்: 'மாத்திரை எண்ணிக்கை சரி. ஆனால் நோயாளியின் பேச்சை நம்புவதற்கில்லை.' கீழே கையெழுத்து. எதிரே நின்றவளின் கண் என் பேனாவோடு சேர்ந்து நகர்ந்ததை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "திங்கட்கிழமை புருஷனோட வாங்க. வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர்கள் குழுவுல மருந்தை மாத்தறதப் பத்திப் பேசணும்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் இல்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எங்கள் களப்பணியாளர் பிலோமின்ராஜ் ஜவுளிக்கடைக்கே போய் சித்தார்த்தைப் பிடித்தார். "அவ வரமாட்டேங்கிறா சார். மாத்திரைய மட்டும் போடுறா. என்ன ஆச்சுன்னு கேட்டா அழுவுறா" என்றானாம் அவன்.

"போட்டாத்தானே? வாய்க்கால் எவ்வளவு கிட்டக்க இருக்கோ" என்றேன் நான். பிலோமின்ராஜ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவரும் பதினாறு வருடமாக அதே மாத்திரை போடுகிறவர்.

மருந்தை மாற்றுவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மாற்று மருந்து என்றால் காலையிலும் மாலையிலும் பெரிய பெரிய மாத்திரைகள், வாந்தி, வயிற்றுப்போக்கு. மாமியார் இருக்கிற வீட்டில் அதை மறைக்கவே முடியாது. மாற்றாமல் விட்டால் வைரஸ் ஏறிக்கொண்டே போகும். ஒரு வாரம் ஏற்கெனவே வீணாகியிருந்தது.

புதன்கிழமை கமர் ஜஹான் மேடத்திடம் போய், "நானே அவங்க வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. "போ. பிலோமினக் கூட்டிட்டுப் போ. ஆனா அந்த வாசப்படியில நம்ம சென்டர் பேரு உன் வாயில வரக்கூடாது. வந்துச்சுன்னா அவ வாழ்க்கை போச்சு, நம்மகிட்ட வர்ற மத்தவங்களும் வரமாட்டாங்க."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்ததும் பிலோமின்ராஜ் என் கழுத்தைச் சுட்டிக் காட்டினார். "மேடம், கார்டு." ஆஸ்பத்திரி அடையாள அட்டை. என் பெயர், படிப்பு, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'எச்.ஐ.வி. மருத்துவப் பயிற்சி'. கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. "மாமியார்க்காரி பிடாரியா இருப்பா. அவளுக்குப் பயந்துதான் இவ மாத்திரைய விட்டிருக்கா" என்றேன். "பாத்துட்டுச் சொல்லலாம் மேடம்" என்றார் அவர்.

அடையவளஞ்சான் வீதியிலிருந்து பிரியும் சந்தில் நீளமான ஓட்டு வீடு. கூடத்தில் ஈரச் சாக்கின்மேல் மல்லியும் மரிக்கொழுந்தும் குவிந்திருக்க, நடுவில் உட்கார்ந்து வாழைநாரில் தொடுத்துக்கொண்டிருந்தவள்தான் மாமியார் பாப்பாயி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கறுத்த விரல்கள், நிற்காத கை. எங்கள் குரல் கேட்டு உள்ளேயிருந்து வந்த ரஞ்சனி, என்னைப் பார்த்ததும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"வணக்கம்மா. நாங்க ஆஸ்பத்திரிலேருந்து வர்றோம். பிரசவத் தேதி நெருங்கினவங்கள நேர்ல பாத்துட்டுப் போவோம்" என்றார் பிலோமின்ராஜ். எல்லாம் உண்மை. எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பிரிவு என்பதுதான் இல்லை.

"வாங்க டாக்டரம்மா, வாங்க. வீடு தேடி வர்றீங்களே, புண்ணியமாப் போவும்" என்று பாப்பாயி பூவை ஒதுக்கி இடம் கொடுத்தாள். பிடாரியைக் காணோம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ரஞ்சனியை உட்காரச் சொல்லி, ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைப் பையிலிருந்து இழுத்தேன். அதன் குழாயில் மாட்டிக்கொண்டு அடையாள அட்டையும் வெளியே வந்தது. வழுக்கி, பாப்பாயியின் மடியில் கிடந்த பூவின்மேல் போய் விழுந்தது.

என் கை அப்படியே நின்றுவிட்டது. பாப்பாயி அட்டையை எடுத்து, எட்டப் பிடித்து, கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"போட்டோல நல்லா புசுபுசுன்னு இருக்கீங்களே. இப்ப ஏன் இளைச்சுட்டீங்க? கீழ என்னமோ நெறைய எழுதியிருக்கு. கண்ணாடி இல்லாம ஒண்ணும் புரியல. ரஞ்சனி, இத என்னன்னு படி கண்ணு."

பிலோமின்ராஜ் நிலத்தைப் பார்த்தார். பிடுங்கினால் சந்தேகம் வரும். விட்டால் எல்லாம் போகும். ரஞ்சனி கையை நீட்டி வாங்கினாள்.

"டாக்டர் இளவேனில். எம்.டி., பொது மருத்துவம்" என்று படித்தாள். ஒரு வரி விட்டாள். "ரத்த வகை ஓ பாசிடிவ்" என்று கடைசி வரியைப் படித்து, அட்டையைக் கவிழ்த்து என்னிடம் கொடுத்தாள்.

"நம்ம ரங்கநாயகிக்கும் இதே ரத்தந்தான்" என்றாள் பாப்பாயி. பொய்க்காரி என்று நான் எழுதிய பெண்ணே என்னைக் காப்பாற்றியிருந்தாள்.

"ரங்கநாயகி யாருங்க?" என்று பிலோமின்ராஜ் பேச்சை வேறு பக்கம் தள்ளினார்.

பாப்பாயியின் கை அப்போதுதான் முதல் முறையாக நின்றது. "எம் பொண்ணு. மூத்தவ. ரத்தம் கம்மின்னு மாத்திரை குடுத்தாங்க. போட்டாச்சும்மா போட்டாச்சும்மான்னு தெனம் சொல்லுவா. வாந்தி வருதுன்னு அத்தனையும் பூக்கூடைக்கு அடியில போட்டு வெச்சிருந்தா. பிரசவத்துல ரத்தம் போச்சு. உடம்புல இருந்தாத்தானே தாங்கும்? அவ போனப்புறம் கூடைய ஒதறினேன். பொலபொலன்னு கொட்டுச்சு."

தெருவில் ஒரு ஆட்டோ போயிற்று.

"அதான் டாக்டரம்மா, இவ விஷயத்துல நான் யாரையும் நம்பறதில்ல. என் தலையெழுத்த நம்பறதில்லைன்னு வெச்சுக்குங்க. விடியங்காட்டி பூ மார்க்கெட்டுலேருந்து வந்ததும் மொத வேல, மாத்திரைய நானே இவ கையில குடுத்து, முழுங்கி வாயத் தொறந்து காட்டுனாத்தான் மத்ததெல்லாம்."

"எந்த மாத்திரை?" என்றேன்.

எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளங்கையில் மூன்றை எடுத்து வைத்துக் காட்டினாள். சிவப்பாக இரும்புச் சத்து மாத்திரை. வெள்ளையாக, உருண்டையாக கால்சியம். பக்கத்தில் வெள்ளையாக, நீளமாக, எங்கள் மாத்திரை.

"மூணும் ஒண்ணா?"

"ஒண்ணாத்தான். வெறும் வயித்துல எலுமிச்சம்பழத் தண்ணியில. அப்பத்தான் சத்து நல்லா ஏறும்னு நர்சம்மா சொன்னாங்க."

நர்சம்மா சொன்னது இரும்பு மாத்திரைக்கு. அது சரிதான். ஆனால் இரும்பும் கால்சியமும் வெறும் வயிற்றில் எங்கள் மாத்திரையைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் சேர விடாமல் வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. இந்தக் கேள்விக்குப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியவள் நான். 'கூட வேற என்ன மாத்திரை போடுறீங்க, எப்பப் போடுறீங்க?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்கவில்லை. கோபப்படத்தான் எனக்கு நேரமிருந்தது.

ரஞ்சனி ஒரு நாளும் விட்டதில்லை. விட முடியாதபடி ஒருத்தி காவலிருந்து ஊட்டியிருக்கிறாள். அந்தக் காவல்தான் மருந்தைக் கெடுத்திருக்கிறது.

"ஏன் டாக்டரம்மா, மொகம் மாறுது? எதாச்சும் தப்பா?" பாப்பாயி நீள மாத்திரையை இரண்டு விரலால் எடுத்தாள். "நானும் கேக்கணும்னே இருந்தேன். பக்கத்து வீட்டுப் பொண்ணும் முழுகாம இருக்கா. அவ டப்பாவுல இது இல்ல. நம்ம வீட்டுல மட்டும் இருக்கு. இது எதுக்கு?"

ரஞ்சனி கண்ணை மூடிக்கொண்டாள். வயிற்றின்மேல் இரண்டு கையும் இருந்தன.

பொய் சொல்ல எனக்கு வாய் வந்தது. சத்து மாத்திரை, சளி மாத்திரை, ஏதாவது. ஆனால் சாதாரணச் சத்து மாத்திரை என்று சொல்லிவிட்டால், நாளைக்கு ஒரு நாள் இல்லாமல் போனால்கூடப் பரவாயில்லை என்று இந்தம்மா நினைத்துவிடுவாள். உண்மையைச் சொல்ல எனக்கு உரிமையில்லை, அது ரஞ்சனியுடையது.

"அம்மாகிட்டேருந்து கொழந்தைக்கு எந்த நோயும் போகாம தடுக்கறதும்மா இது. எல்லாருக்கும் குடுக்கறதில்ல. ரஞ்சனி உடம்புக்குத் தேவைன்னு பாத்துக் குடுத்தது. மூணுலயும் ரொம்ப முக்கியம் இதுதான்" என்றேன். "ஆனா மத்த ரெண்டோட சேரக் கூடாது. அத நாங்கதான் சொல்லியிருக்கணும். சொல்லாதது எங்க தப்பு. காலையில செவப்பு மட்டும். மத்தியானம் சாப்பிட்டதும் உருண்டை. இது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், தனியா."

பாப்பாயி மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த கேள்வி எங்கே வந்துவிடுமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இத்தன நாளா நான் குடுத்தது கொழந்தைக்குச் சேரலியா?" என்று கேட்டாள். கண் கலங்கிவிட்டது.

"இனிமே சேரும். இன்னைக்கு ராத்திரியே தொடங்கிடுங்க."

"ராத்திரியும் நானே குடுக்கறேன்" என்றாள்.

வாசல் வரை ரஞ்சனி வந்தாள். சந்தில் யாரும் இல்லை. "முன்னெல்லாம் ராத்திரிதான் டாக்டர் போட்டுட்டிருந்தேன்" என்றாள் தணிந்த குரலில். "நாலாம் மாசம் கொஞ்சம் ரத்தம் பட்டுச்சு. அன்னையிலேருந்து அத்தை என் பக்கத்துலயே படுக்கறாங்க. டப்பா தொறக்குற சத்தம் கேக்கும். அவங்க டப்பாலயே கலந்துட்டா யாருக்கும் சந்தேகம் வராதுன்னு நெனச்சேன். உங்ககிட்ட வர்றப்ப மட்டும் மிச்சத்தப் பொறுக்கிப் பொட்டலம் கட்டி எடுத்துட்டு வருவேன்."

"ஏன் இத அன்னைக்கே எங்கிட்டச் சொல்லலை?"

"நீங்க எங்க டாக்டர் கேட்டீங்க?" என்றாள். பிறகு, "நீங்க எழுதினத நான் படிச்சேன்" என்றாள்.

நான் விழித்தேன். ஃபைல் என் பக்கம் அல்லவா இருந்தது?

"ஹோம்ல இருந்தப்ப எனக்கு என்ன நோய்னு யாரும் சொல்லல. மாசாமாசம் கூட்டிட்டுப் போவாங்க, டாக்டர் எழுதுவாங்க, நான் எதிர்ல உக்காந்திருப்பேன். ஒம்போது வயசுல எழுத்தத் தலைகீழாப் படிக்கக் கத்துக்கிட்டேன். எனக்கு என்னன்னு அப்படித்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. அன்னையிலேருந்து எந்த டாக்டர் என்ன எழுதினாலும் படிச்சிடுவேன். நம்புவதற்கில்லைன்னு யாரும் எழுதினதில்ல டாக்டர்."

"என்னை மன்னிச்சிடுங்க ரஞ்சனி" என்றேன். தெருவில் நின்று ஒரு நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் முறை. அவள், "கொழந்தை பொறக்கட்டும் டாக்டர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமைக் குழுவில் மருந்தை மாற்ற வேண்டாம், நாலு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்று நான் வாதாடினேன். "அந்த நாலு வாரத்துல எறங்கலேன்னா?" என்று கமர் ஜஹான் கேட்டார். "எறங்கும் மேடம்" என்றேன். "குழு நோட்டுல எழுது. கையெழுத்துப் போடு" என்றார். போட்டேன்.

வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து சரியாக இருபத்து நாலாவது நாள் ரஞ்சனியின் ரத்தத்தை எடுத்து லேபுக்கு அனுப்பினோம். ரிசல்ட் வருவதற்குள், மூன்றாம் நாள் மத்தியானம், பிரசவ வார்டிலிருந்து டாக்டர் ஹாலித் கூப்பிட்டார்.

"உங்க பேஷன்ட் ரஞ்சனி வந்திருக்காங்க. பனிக்குடம் ஒடஞ்சிடுச்சு. ஃபைல்ல ஆறாயிரத்து நானூறுன்னு இருக்கு. கீழ நம்புவதற்கில்லைன்னு எழுதி உங்க கையெழுத்து. ஒழுங்கா மாத்திரை போடாத கேஸ்தானே? இவ்வளவு வைரஸோட நார்மலாப் பாக்க முடியாது. ஆபரேஷனுக்கு ரெடி பண்ணிட்டு, கொழந்தைக்குத் தடுப்பு மருந்து ரெண்டும் எடுத்து வெக்கச் சொல்றேன்."

"இல்ல ஹாலித், அது தப்பு. நான் எழுதினதுதான், ஆனா தப்பு. திருத்த விட்டுட்டேன்."

"அப்ப சரியான நம்பர் என்ன?"

"கொஞ்சம் பொறுங்க."

"பொறுக்கறதுக்கு வலி வந்தாச்சு இளவேனில். ஒரு மணி நேரம். அதுக்கு மேல நான் ஃபைல நம்பித்தான் முடிவு எடுக்கணும்."

லேபுக்கு ஓடினேன். மெஷினில் ஓடிக்கொண்டிருக்கிறது, நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். நின்று பார்க்க முடியவில்லை. பிரசவ வார்டுக்கு ஓடினேன். வாசலில் பாப்பாயி இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். சித்தார்த் சுவரில் சாய்ந்து கிடந்தான். உள்ளேயிருந்து ரஞ்சனியின் குரல் கேட்டது.

"டாக்டரம்மா!" பாப்பாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருபத்தேழு ராத்திரி. ஒண்ணுகூட விடலீங்க. நீங்க சொன்ன மாதிரியே, சோத்துக்கு அப்புறம், தனியா. சேர்ந்திருக்குந்தானே?"

சேர்ந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சேர்ந்ததா என்று தெரியாது. இடையில் போன மாதங்களில் வைரஸ் அந்த மருந்துக்கே மசியாததாக மாறியிருந்தால், இந்த இருபத்தேழு ராத்திரியும் வீண். மருந்தை மாற்ற வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவள் நான். "பாக்கறேன்மா" என்று கையை விடுவித்துக்கொண்டு திரும்பவும் லேபுக்கு ஓடினேன். படியில் செருப்பு அறுந்தது. கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன்.

லேப்காரர் தாளை என் கையில் கொடுத்தார். எழுத்து முதலில் கண்ணுக்கே பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது. நாற்பதுக்கும் கீழே.

வெறுங்காலோடு நான் வார்டுக்குள் நுழைந்தபோது ஹாலித் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "ஆபரேஷன் வேணாம். நார்மலாவே பாக்கலாம்" என்று நர்ஸிடம் சொன்னார். நான் மேஜையில் கிடந்த ஃபைலைத் திறந்தேன். மருத்துவக் குறிப்பில் எதையும் அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு இழுத்து, கீழே திருத்தி, தேதி போட வேண்டும். அந்த வரியின்மேல் கோடு இழுத்தேன். கீழே எழுத வேண்டியதை எழுதினேன்.

நாலரை மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ எழுநூறு. பாப்பாயி அதை வாங்கி முகத்தைப் பார்த்துவிட்டு, "வந்துட்டியா" என்று மட்டும் சொன்னாள்.

இதோடு முடிந்துவிடவில்லை. குழந்தைக்கு ஆறு வாரம் சொட்டு மருந்து, ஆறாம் வாரம் குதிகாலில் ரத்தம் எடுத்துப் பரிசோதனை, அதன் ரிசல்டுக்காக மறுபடியும் நாட்கணக்கில் காத்திருப்பு. சொட்டு மருந்தை யார் கொடுத்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரிசல்ட் வந்த அன்று ரஞ்சனி என் அறைக்குள் தனியாக வந்து உட்கார்ந்தாள். பாப்பாயி வெளியே வராந்தாவில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். ரஞ்சனி என்னைப் பார்க்கவில்லை. அவள் கண் மேஜைமேல் இருந்த ஃபைலில் இருந்தது. நான் திறந்ததும் அவள் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது. ஒன்பது வயதில் பழகிய சாய்வு.

நான் எதையும் வாசிக்கவில்லை. ஃபைலை அப்படியே திருப்பி, அவளுக்கு நேராக வைத்து, அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ஒரு விரலை வரியில் வைத்து, நேராகப் படித்தாள். குழந்தைக்கு எச்.ஐ.வி. இல்லை. விரல் அங்கேயே நின்றது. இரண்டாம் தடவை படித்தாள், மூன்றாம் தடவையும் படித்தாள். பிறகு பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். கோடு இழுத்த வரி வந்தது. அதற்குக் கீழே நான் எழுதியிருந்தேன்: 'நோயாளி சொன்னது அத்தனையும் உண்மை. கேட்கத் தவறியது நான். இளவேனில்.'

"டாக்டர், நேராப் பாத்தா உங்க கையெழுத்து இன்னும் மோசமா இருக்கு" என்றாள். சிரித்தாள், கூடவே அழுதாள். நானும் அழுதேன். அந்தத் தடவை கழிப்பறைக்குப் போகவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஃபைலைக் கையில் எடுத்தவள், திருப்பித் தரவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"அத்தையைக் கூப்பிடட்டுமா டாக்டர்?"

"எதுக்கு?"

"அன்னைக்கு உங்க கார்டுல ஒரு வரிய விட்டுட்டுப் படிச்சேன். இன்னைக்கு விடாமப் படிச்சுக் காட்டப் போறேன்."

"பயமா இல்லையா ரஞ்சனி?"

"ரொம்பப் பயமா இருக்கு" என்றாள். "ஆனா மருந்து அவங்கதானே குடுத்தாங்க. எதுக்குக் குடுத்தோம்னு அவங்களுக்குத் தெரியணும்."

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். "அத்தை, கொழந்தையத் தூக்கிட்டு உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள். நான் எழுந்து என் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.